கல் நின்ற வரிசை

எங்கள் தெரு ரேஷன் கடை வாசலில், சிமெண்டுத் தரை மேல் நாலைந்து வெள்ளை வட்டங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. பெயிண்ட் முக்கால்வாசி உரிந்துவிட்டது. போன வாரம் பாமாயில் வாங்கப் போயிருந்தபோது ஒரு பொடியன் அவற்றுக்குள் நொண்டியடித்துக்கொண்டிருந்தான். "இது எதுக்குப் போட்டது தாத்தா?" என்றான். "ஆளு நிக்கிறதுக்கு" என்றேன். ஒரு வட்டத்துக்குள் ஏன் ஒரே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. கொரோனா வந்த வருஷம் அவன் கைக்குழந்தையாக இருந்திருப்பான். நானும் மேற்கொண்டு விளக்கவில்லை. விளக்கினால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அந்த வட்டங்களில் ஆள் நின்றது முதல் நாள் மட்டும்தான்.

2020 ஏப்ரலில், அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 1000 ரூபாயும் அந்த மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசம் என்று அரசு அறிவித்திருந்தது. எந்த நாள், எத்தனை மணி என்று டோக்கன் வீடு தேடி வந்தது. ஆனாலும் ஒன்பது மணி டோக்கன்காரர்கள் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். பங்குனி வெயில். கோவில்பட்டியில் பங்குனி வெயில் காலை எட்டுக்கே உச்சியில் இறங்கும். இரண்டாம் நாள் நான் போனபோது வட்டத்துக்கு வட்டம் ஒரு பொருள் உட்கார்ந்திருந்தது. செங்கல், மஞ்சள் பை, ஒற்றைச் செருப்பு, காலி எண்ணெய் டின், ஒரு வட்டத்தில் வெறும் கருங்கல். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எதிரே ஒரே ஒரு வேப்பமரத்தின் நிழலில், தோளோடு தோள் ஒட்டி நின்று கொரோனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வெளியே வந்து வரிசையைச் செல்போனில் படம் எடுத்து மேலே அனுப்பினார். படத்தில் இடைவெளி அளந்து வைத்த மாதிரி இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஆச்சரியம் வரவில்லை. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்து சேரும் ஊர் இது. பத்து நாளைக்கு ஒருமுறை, கோடையில் அதற்கும் மேலே என்று தண்ணீர் வந்த காலத்தில் தெருக்குழாயடியில் குடங்கள்தான் வரிசையில் நிற்கும். பெண்கள் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடத்தை ஒருவர் நகர்த்தி வைத்தால் அன்றைக்கு அந்தத் தெருவில் சோறு வேகாது. ஆளுக்குப் பதில் பொருளை நிறுத்துவதும், அந்தப் பொருளுக்கு ஆளுக்குரிய மரியாதையைக் கொடுப்பதும் எங்களுக்குப் பழைய பாடம். ஜனங்களுக்குக் கட்டுப்பாடே தெரியாது என்று டி.வி.யில் பேசியவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கட்டுப்பாடு தெரியாத ஊரிலா நான் வளர்ந்தேன்?

என் சொந்தக் கிராமம் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. வெளியூர் விருந்தாளியும் பொழுதடைவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். எங்கள் மாமா ஒருவர் கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் கிடையாது. மற்ற நாட்களில் மில் வாசலில் படுத்துக்கொள்பவர், காப்புக் கட்டிய நாட்களில் மட்டும் இருட்டில் சைக்கிளை மிதித்து வந்து சேருவார். யாரும் அவரைக் கண்காணித்ததில்லை. ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டால், "ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பேருதானலே வரும்" என்பார்.

அம்மை பார்த்தாலும் அப்படித்தான். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975 மே மாதம். அதற்கு முந்தைய வருஷங்களில் அம்மை குத்துகிறவர்கள் ஊருக்குள் நுழைந்தால் நாங்கள் குலுக்கைக்குப் பின்னாலும் கம்மந்தட்டைப் படப்புக்குள்ளும் ஒளிந்துகொள்வோம். பிடித்து இழுத்து வந்து குத்திய தழும்பு இன்னும் என் இடது புஜத்தில் இருக்கிறது. பெரியம்மை ஒழிந்த பிறகும் சின்னம்மை வருஷா வருஷம் கோடையில் வந்து போகும். என் தங்கைக்குப் பார்த்தபோது அம்மாச்சி முதலில் செய்தது நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகியதுதான். அது ஒன்றே போதும், தெருவுக்கே செய்தி போய்விடும். அதற்கப்புறம் வெளியாள் எவரும் வாசல் ஏறமாட்டார்கள். நாங்களும் ஒரு நல்லது கெட்டதுக்குப் போகமாட்டோம். அடுப்பில் தாளிதம் கிடையாது. அப்பா முகச்சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. ஆனால் விடிந்து கதவைத் திறந்தால் திண்ணையில் ஏதாவது இருக்கும். சட்டியில் கம்மங்கூழ், நாலு நொங்கு, எங்கிருந்தோ ஒரு இளநீர். பக்கத்து வீட்டு மதினி தெருவில் நின்றபடியே, "தாயி, இன்னைக்கு எத்தனையாவது தண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மூன்றாம் தண்ணி ஊற்றுகிறவரை அந்த வீட்டைத் தெரு தொடாது, பட்டினியும் போடாது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊரடங்கு நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு சங்கதி சுற்றிச் சுற்றி வந்தது. தள்ளி நிற்பதும் தொடாமல் இருப்பதும் நம் முன்னோர் கண்டுபிடித்த விஞ்ஞானமாம். இந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு சாதிக்குக் கண்ணாடி கிளாசும் இன்னொரு சாதிக்குச் சிரட்டையும் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தத் தள்ளி நிற்றலை எந்த நோயும் கேட்கவில்லை. அந்தச் செய்தி வந்த குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன், இன்றுவரை திரும்பச் சேரவில்லை.

மார்ச் 22 ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். 24ஆம் தேதி மாலை 144 வந்தது, அன்றிரவே நாடு முழுக்க 21 நாள் என்றார்கள். அந்த நேரம் எங்கள் காடுகளில் வத்தல் காய்கிற காலம். புரட்டாசியில் விதைத்த மிளகாய் பழுத்துப் பறித்துக் களத்தில் சிவப்பாகப் பரப்பிக் கிடந்தது. விருதுநகருக்குக் கொண்டுபோக லாரி இல்லை. களத்தில் வேலை செய்கிற பெண்கள் நெடி தாங்காமல் மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வத்தலை அள்ளுவார்கள், அது எப்போதும் உள்ள வழக்கம். அன்று முகக்கவசம் பற்றி அறிவுரை சொல்ல வந்த சுகாதாரப் பணியாளர் அதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டாராம். அவரிடம் பதில் சொல்வதற்காக அத்தனை பேரும் துண்டைக் கழுத்துக்கு இறக்கினார்களாம். வத்தலுக்குப் பயந்த அளவு கொரோனாவுக்குப் பயமில்லை. வத்தல் நெடி உடனே காட்டிவிடும், கொரோனா பல நாள் கழித்துத்தானே காட்டுகிறது.

தீப்பெட்டி ஆபீஸ்கள் மூடிக்கிடந்தன. செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் தேர் நகரவில்லை. ஏப்ரல் கடைசியில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கிடைத்த கௌரவம், பஸ் ஸ்டாண்டில் ஈ காக்காய் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தது. ஒரு கடைக்காரர் என்னிடம், "அண்ணாச்சி, பேரு கிடைச்சிருச்சு, வாங்கதான் ஆளக் காணோம்" என்றார்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிற என் சித்தி மகன் மே மாதம் ஊருக்குப் புறப்பட்டான். எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் பாதி வீட்டுக்குப் பம்பாய்த் தொடர்பு உண்டு. அந்த மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கணக்கில் ஏறிய தொற்றில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்திலிருந்து திரும்பியவர்களுடையது. அந்தக் கணக்கு தினமும் சாயங்காலம் டி.வி.யில் ஓடும். பம்பாய்க்காரன் என்றாலே ஜனம் பத்தடி பின்வாங்கியது. அவனும் இன்னும் சிலரும் பாஸ் எடுத்து, வேன் பிடித்து, எல்லையில் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை கொடுத்து, தொற்று இல்லை என்று தாள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 14 நாள் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும் என்று கையில் முத்திரை. ஊர் முகப்பில் வந்து பார்த்தால் பாதையை அடைத்து வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். போட்டது யாரோ இல்லை, அவனோடு கபடி விளையாடிய பையன்கள்.

அன்று ராத்திரி நடந்ததை சித்தி பிறகு எனக்குப் போனில் சொன்னாள். முள்ளுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் வேன். இவன் தாளைக் காட்டுகிறான், அவர்கள் கேட்க மறுக்கிறார்கள். சத்தம் கூடிக்கொண்டே போய்க் கை நீளப் போகிற நேரத்தில் ஊரில் மூத்த கிழவி ஒருத்தி கம்பை ஊன்றி வந்து, "அம்மை பாத்த பிள்ளைய ஊர விட்டுத் தொரத்தியாடா வளர்த்தோம் உங்கள?" என்றாளாம். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் பேச்சுவார்த்தை. ஊருக்குள் வேண்டாம், எங்கள் புஞ்சையில் கிணற்றடி மோட்டார் ரூம் இருக்கிறதே, அதில் இருக்கட்டும் என்று முடிவானது.

மோட்டார் ரூமுக்கு வெளியே ஒரு துவைகல் உண்டு. சித்தி சோற்றுத் தூக்குவாளியை அதன் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவன் வந்து எடுத்துக்கொள்வான். அம்மாவும் மகனும் ஒரு கிணற்றளவு தூரத்தில் நின்று கத்திக் கத்திப் பேசியதில் குடும்ப ரகசியம் அத்தனையும் காட்டுக்கே தெரிந்துபோனது. இரண்டாம் நாளிலிருந்து துவைகல்லில் வேறு வீட்டுப் பாத்திரங்களும் உட்கார ஆரம்பித்தன. கருவாட்டுக் குழம்பு, சீனியவரை வத்தல், ஒரு கட்டு பீடி. முள்ளு வெட்டிப் போட்ட பையன்களில் ஒருவன் இவனுடைய செல்போனுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு, "மாப்ள, கோவிச்சுக்கிராத" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். பதிலுக்கு இவன் அனுப்பியதை இங்கே எழுத முடியாது. நாள் முடிந்து ஊருக்குள் வந்தபோது ஆச்சி ஒருத்தி அவன் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றினாள், மூன்றாம் தண்ணி மாதிரி. அந்த வருஷம் அரசாங்கம் போட்ட விதிகளில் எங்கள் ஊர் அப்படியே நடத்திக் காட்டியது அது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். அந்த விதிக்கு மட்டும் ஊரிடம் ஏற்கெனவே ஒரு முறை இருந்தது.

மற்றதெல்லாம் ஒளிந்து விளையாடுகிற கதை. டவுனில் கடைகளின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருக்கும், கீழே ஒரு ஜோடிக் கால் மட்டும் தெரியும். தட்டுகிற விதத்தை வைத்து உள்ளிருப்பவர் ஆளைக் கண்டுபிடிப்பார். முடிதிருத்துகிறவர் பின்வாசல் வழியாக வந்து கொல்லையில் வைத்து வெட்டிவிட்டுப் போனார். மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது, உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்சநீதிமன்றம் போய் 16ஆம் தேதி திரும்பத் திறந்தது. அந்த வரிசையில் மட்டும் யாரும் கல் வைக்கவில்லை, ஆளே நின்றார்கள். கல்யாணத்துக்கு 50 பேர் என்றார்கள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எந்த நேரம் எண்ணினாலும் 50 பேர்தான் இருந்தார்கள். சாப்பிட்டுப் பின்பக்கம் போவதும் முன்பக்கம் வருவதுமாக மொய் மட்டும் மூன்று நோட்டு நிறைந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போக முடியாமல் ஜூன் மாதம் வந்தது.

சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும், அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்திருந்தார்கள் என்று 19ஆம் தேதி போலீஸ் கொண்டுபோனது. சாத்தான்குளம் காவல் நிலையத்திலிருந்து கொண்டுவந்து அடைத்தது எங்கள் ஊர்க் கிளைச் சிறையில். 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி விடியலில் அப்பாவும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நேரில் போய் விசாரித்தார். அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறை பொறுப்பில் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. பிறகு சி.பி.ஐ. காவலர்கள் மேல் கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 

கிளைச் சிறையைத் தாண்டித்தான் பல நாள் நான் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன். அந்த 23ஆம் தேதி காலை போனபோது ரோட்டில் கூட்டம். யாரும் இடைவெளி விடவில்லை, பாதிப் பேருக்கு முகக்கவசம் இல்லை, யாரும் அதை யாருக்கும் நினைவுபடுத்தவும் இல்லை. மறுநாள் வணிகர்கள் மாநிலம் முழுக்கக் கடையடைத்தார்கள். மூன்று மாதமாக உத்தரவால் மூடிக்கிடந்த அதே ஷட்டர்கள் அன்று துக்கத்தால் முழுசாக இறங்கின, கீழே கால் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கடைகள் நேரத்துக்கு முன்னாலேயே அடைத்தன. சட்டம் ஒழுங்காக நடப்பதாக வெளியிலிருந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கலாம். எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கை நடுங்கப் பூட்டைத் தேடுவார். "நோய்க்கு மருந்து வந்துரும் அண்ணாச்சி" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். மாமா காப்புக்குப் பயந்து சைக்கிள் மிதித்ததும் பயம்தான், இதுவும் பயம்தான். ஆனால் ராத்திரி வீடு வந்து சேர்ந்த மாமா நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டாவது அலையில் கரிசல்காரர்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது கேதத்துக்குப் போக முடியாததுதான். இங்கே கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள், கேதத்துக்கு வராதவனோடு பேச்சு வார்த்தை நின்றுவிடும். 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு. 17ஆம் தேதி இரவு புதுச்சேரியில் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இறந்தார். நூறை நெருங்கிக்கொண்டிருந்தவர். 19ஆம் தேதி அவர் ஊரான இடைசெவலில் அரசு மரியாதையோடு, குண்டு முழங்க அடக்கம் நடந்தது. கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் அரை மணி நேரம்கூட ஆகாது. கி.ரா. எழுதிய இந்த மண்ணின் வழக்கப்படி என்றால் சுற்றுவட்டாரமே லாரி பிடித்து வந்து நின்றிருக்க வேண்டிய சாவு. நானும் என் நண்பர்களும் அவரவர் வீட்டில் செல்போன் திரையில் பார்த்தோம். நடுவில் நெட் நின்று நின்று வந்தது. 

அதே மாதத்தில் எங்கள் பெரியப்பாவும் போனார். வயோதிகம்தான், கொரோனா இல்லை. ஆனாலும் 20 பேருக்கு மேல் கூடாது. வி.ஏ.ஓ. வந்து வாசலில் உட்கார்ந்து தலை எண்ணினார். இருபதுக்குள் நான் இருந்தேன். தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போகும்போதுதான் பார்த்தேன், பருத்திமார் நின்ற புஞ்சைகளில், கண்மாய்க் கரையில், வெடித்துக் கிடந்த கரிசலில் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுகொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், ரோட்டில் போலீஸ் இருக்கும் என்று காட்டு வழியாக வந்தவர்கள். யாரும் கிட்டே வரவில்லை. தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே கும்பிட்டார்கள். வி.ஏ.ஓ. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல மனுஷன்.

வரமுடியாதவர்கள் பிறகு வந்தார்கள். மாதங்கள் கழித்து வந்தார்கள். பெரியம்மா ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அழ வேண்டியிருந்தது. கடைசியாக வந்தது கடம்பூர் அத்தை, பெரியப்பாவின் கூடப்பிறந்தவள். முழங்கால் வலி, நடுவில் அவளுக்கே காய்ச்சல், அப்புறம் மூன்றாவது அலை என்று தள்ளிப்போய், வருஷத் தெவசமும் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு ஒப்பாரியை ஆரம்பித்தாள். உள்ளே டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா பதறி எழுந்து அதை அணைத்துவிட்டு வந்து கூட உட்கார்ந்தாள். பேரப்பிள்ளைகள் மிரண்டு போய்ப் பார்த்தார்கள்.

"அத்தை, தெவசமே முடிஞ்சிருச்சே" என்று மெல்லச் சொன்னான் பெரியப்பா மகன்.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சுடே. நான் இப்பத்தான வாரேன்" என்றாள். அழுது முடித்து, முகம் கழுவி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டாள். பெண்களுக்கு வெள்ளைப் போர்டு டவுன் பஸ் இலவசம் என்று அறிவித்த புதிதில் நடந்ததைச் சொன்னாள். "ரெண்டு நாளு ஓசியில போனேன், அதுக்குள்ள பஸ்ஸையே நிப்பாட்டிட்டான்." அந்தப் பாக்கியை இப்போது வசூலித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பேத்தி எழுதிக்கொடுத்த ஊர்ப் பெயர்கள், சிலவற்றின் மேல் கோடு கிழித்திருந்தது.

"கயத்தாத்துல ஒண்ணு, கழுகுமலையில ரெண்டு இன்னும் பாக்கி கெடக்கு. கழுகுமலைக்கு வெள்ளைப் போர்டு வண்டி எத்தன மணிக்குடே?"